பழைய கார்வெட்டில் பவர் ஸ்டியரிங் பாகங்களை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1963 முதல் 1982 வரை வந்த செவ்ரலே கார்வெட்டில் பவர் ஸ்டியரிங் பாகங்களை வீட்டிலேயே மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அத்தனை வருடக் கார்களிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். ஸ்டியரிங் பாக்ஸுக்குள் பவர் எதுவும் கிடையாது. உதவி முழுக்க வெளியிலிருந்து வருகிறது.

அது எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிட்மேன் ஆர்மும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கை) ரிலே ராடும் (இரண்டு முன் சக்கரங்களையும் திருப்பும் குறுக்குக் கம்பி) சேரும் இடத்தில் கண்ட்ரோல் வால்வு இருக்கிறது. ரிலே ராடுக்கும் சேஸிக்கும் நடுவே பவர் சிலிண்டர் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பிட்மேன் ஆர்ம், வால்வுக்குள் ஆயிலின் வழியை மாற்றும் ஸ்பூல் என்ற உருளையை மயிரிழை அளவு நகர்த்தும். உடனே பம்பிலிருந்து வரும் ஆயில் சிலிண்டரின் ஒரு பக்கம் பாய்ந்து ரிலே ராடைத் தள்ளும். ராடு போதுமான தூரம் நகர்ந்ததும் ஸ்பூல் நடுவுக்கு வந்துவிடும், உதவியும் நின்றுவிடும். கீழே சொல்லும் வரிசைக்கான காரணம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

புதிதாகச் செய்பவர்கள் பாகங்களைச் சரியாகவே மாட்டிவிடுகிறார்கள். வால்வை பேலன்ஸ் செய்யாமல் (ஸ்பூலைச் சரியாக நடுவில் நிறுத்தாமல்) சிலிண்டர் ராடை இணைத்துவிடுவதுதான் அவர்கள் தடுக்கி விழும் இடம். அதனால் 10-வது பகுதியை வேலை தொடங்கும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. கெட்டது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஆயில் சொட்டுகிறது என்றதும் பலர் முதலில் பம்பை மாற்றுகிறார்கள். மேலே கண்ணுக்குத் தெரிவது பம்புதான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பல கார்களில் கசிவது கண்ட்ரோல் வால்வின் பால் ஸ்டட் (உருண்டைத் தலை போல்ட்) சீல் அல்லது சிலிண்டர் ராடு வெளியே வரும் முனை. பம்பின் டப்பாவில் (ஆயில் நிற்கும் தொட்டி) கசியும் ஆயில் ஹோஸ் வழியாக இறங்கி வால்வின் மேல் சொட்டுவதும் உண்டு. அப்போது பழி வால்வின் மேல் விழும்.

எல்லாவற்றையும் டிகிரீசர் போட்டுக் கழுவித் துடையுங்கள். என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப, டார்ச்சோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதல் ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கசிவு.

கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கைத் தொடாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். வீல் தானாக ஒரு பக்கம் திரும்பினால் கோளாறு வால்வில்தான். அசையாமல் நின்றால் டயரையும் வீல் அலைன்மெண்ட்டையும் பாருங்கள்.

ஸ்டியரிங்கில் பிளே (வெறுமனே ஆடும் தளர்வு) இருந்தால் அதற்கு இந்தப் பாகங்கள் மருந்தல்ல. ஐட்லர் ஆர்ம் (ரிலே ராடின் மறுமுனையைத் தாங்கும் கை), டை ராடு எண்டு (ரிலே ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை), ஸ்டியரிங் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங், ஸ்டியரிங் பாக்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். தேய்ந்துபோன ஐட்லர் ஆர்மை வைத்துக்கொண்டு புது வால்வு போட்டால் பணம் போகும், பிளே அப்படியே இருக்கும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

அந்தந்த வருடத்துக்குச் செவ்ரலே வெளியிட்ட சேஸி சர்வீஸ் மேனுவலும் கார்வெட் அசெம்பிளி மேனுவலும் வேண்டும். எந்த நட்டை எவ்வளவு டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) இறுக்குவது என்பது முதலாவதில் இருக்கிறது. ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கிளிப் எங்கே என்பதன் படம் இரண்டாவதில் இருக்கிறது. டார்க் அளவுகளை நான் இங்கே தரப்போவதில்லை. உங்கள் வருடத்து மேனுவலில் இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஸ்பேனர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும். ஹோஸ் நட்டுகளுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர் கட்டாயம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு முகங்களை மட்டும்தான் பிடிக்கும். பல வருடம் இறுகிக் கிடந்த நட்டு அதில் வழுக்கி உருண்டையாகிவிடும்.

இவற்றோடு பிட்மேன் ஆர்ம் புல்லர், பால் ஜாயிண்ட் பிரிக்கும் புல்லர், டார்க் ரென்ச், புது ஸ்பிளிட் பின்கள், ஆயில் பிடிக்க அகலமான தட்டு, போர்ட்டுகளை (ஹோஸ் மாட்டும் துளைகளை) அடைக்க மூடிகள் வேண்டும். பம்பையும் மாற்றுவதாக இருந்தால் புல்லியைக் கழற்றவும் ஏற்றவும் தனித்தனிக் கருவி தேவை.

ஆயிலைப் பொறுத்தவரை, ஜிஎம் (செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) தரத்துக்கு வந்த பவர் ஸ்டியரிங் ஃப்ளூயிட் இரண்டு லிட்டர் இருந்தால் கழுவுவதற்கும் சேர்த்துப் போதும். பிரேக் ஆயில் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. அது சீல்களின் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

ஹோஸ் நான்கையும் (பம்புக்கும் வால்வுக்கும் நடுவே இரண்டு, வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இரண்டு) செட்டாகவே வாங்குங்கள். ஒன்று வெடிப்பு விட்டிருந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறீர்கள்.

கடையில் ரீகண்டிஷன் செய்த பாகம் வாங்கினால் பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்காகப் பிடித்த முன்பணம் கிடைக்கும். புதியது காரில் ஒழுங்காக வேலை செய்யும் வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு போர்ட்டோ கிளாம்ப்போ மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.

3. தூக்கி நிறுத்துங்கள், கழற்றும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

கார்வெட்டின் பாடி ஃபைபர்கிளாஸ். ஜாக்கியும் ஸ்டாண்டும் சேஸியின் மேல்தான் உட்கார வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இரண்டு முன் சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும், பின்னால் பேலன்ஸ் செய்யும்போது அது அவசியம்.

ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, வால்வு, நான்கு ஹோஸ், சிலிண்டரின் இரு முனைகள் எல்லாவற்றையும் பல கோணங்களில் படம் எடுங்கள். ஒவ்வொரு ஹோஸின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். போர்ட்டுக்குப் பக்கத்திலும் அதே எண்ணைப் பெயிண்டால் எழுதுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே செய்யுங்கள், பிறகு முடியாது. என்ஜின் ஓடாத நிலையில் ஒருவரை ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பச் சொல்லி, சிலிண்டர் ராடு வெளியே நீளுகிறதா, உள்ளே போகிறதா என்று பாருங்கள். அதை எழுதி வையுங்கள். ஹோஸ் இடம் மாறிவிட்டதா என்று கடைசியில் சொல்லப்போவது இந்தக் குறிப்புதான்.

4. ஹோஸ்களைக் கழற்றுதல்

முதல் நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பம்பிலிருந்து ரிட்டர்ன் ஹோஸை (ஆயில் பம்புக்குத் திரும்பி வரும் ஹோஸ்) முதலில் கழற்றி ஆயிலை வடியவிடுங்கள். அப்புறம் பிரஷர் ஹோஸ், அதற்குப் பிறகு வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இரண்டும்.

வடிந்த ஆயிலை வெள்ளைத் துணியில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் பம்பு தேய்ந்து உலோகத் துகள் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வால்வை மட்டும் மாற்றுவது வீண். துகள் புது வால்வின் ஸ்பூலில் போய் உரசி அதையும் கெடுக்கும்.

திறந்த போர்ட் ஒவ்வொன்றையும் உடனே மூடியால் அடையுங்கள். மேலிருந்து ஒரு மண் துகள் விழுந்தாலும் அதே கதிதான்.

5. சிலிண்டர்

ராடு முனை சேஸி பிராக்கெட்டில் நட்டு, வாஷர், ரப்பர் புஷ் என்று அடுக்காக இருக்கும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று பார்த்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள். மறுமுனை ரிலே ராடில் பால் ஸ்டட்டாக இருக்கும். ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, புல்லரால் பிரியுங்கள்.

புது சிலிண்டரைப் போடும்போது பால் ஸ்டட் முனையை மட்டும் இறுக்குங்கள். ராடு முனையைப் பிராக்கெட்டில் இப்போது மாட்ட வேண்டாம். பேலன்ஸ் முடியும் வரை அது சும்மா தொங்கட்டும்.

ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கினால் டேப்பர் (கூம்பு) பிடிப்பு விட்டுப்போய் ஸ்டட் ஆட ஆரம்பிக்கும்.

6. கண்ட்ரோல் வால்வு

பால் ஸ்டட் நட்டைக் கழற்றி, பிட்மேன் ஆர்மிலிருந்து புல்லரால் பிரியுங்கள். கவட்டை மாதிரியான ஆப்பை வைத்துச் சுத்தியால் அடிப்பவர்கள் உண்டு. அது பால் ஸ்டட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டை (உறையை) கிழித்துவிடும். வால்வைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வால்வு ரிலே ராடின் மரையில் திருகப்பட்டு, ஒரு கிளாம்ப் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். போல்ட்டை எடுத்ததும், ராடில் மரை எதுவரை உள்ளே போயிருக்கிறது என்று பெயிண்டால் கோடு போடுங்கள். பிறகு வால்வைச் சுழற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புது வால்வை அதே எண்ணிக்கையில் ஏற்ற வேண்டும்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ ரிலே ராடின் நீளம் மாறும், ஸ்டியரிங் வீல் நடுவில் நிற்காது. வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஸ்டியரிங் பாக்ஸ் சரியாக நடுவில் இருக்கும்போதுதான் பிளே இல்லாமல் இறுக்கமாக இருக்கும். அந்த நடு தப்பிவிட்டால் நேர் ரோட்டில் கார் அலையும்.

கிளாம்ப் போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் ராடு சரியான ஆழத்துக்கு வரவில்லை. சுத்தியால் அடித்து ஏற்றாமல், திருகிச் சரிசெய்யுங்கள்.

பால் ஸ்டட்டைப் பிட்மேன் ஆர்மில் மாட்டி டார்க் ரென்சால் இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். கிரீஸை கை கன்னால் மெதுவாக, பூட் இலேசாக உப்பும் வரை மட்டும் அடியுங்கள். அதிகமாக அடித்தால் பூட் பிதுங்கிக் கழன்றுவிடும்.

வால்வின் முனையில் உள்ள தூசி மூடியை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். அட்ஜஸ்டிங் நட்டு அதற்குள்தான் இருக்கிறது.

7. பம்பும் புல்லியும்

பம்பு நன்றாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

இந்தக் கார்களில் வரும் சாகினா (ஜிஎம்மின் ஸ்டியரிங் பிரிவு) பம்புகளில் சிலவற்றில் புல்லி சாவியும் நட்டுமாக இருக்கும், சிலவற்றில் ஷாஃப்டின் மேல் அழுத்தி ஏற்றியிருக்கும். இரண்டாவது வகையைச் சுத்தியால் தட்டி ஏற்றக் கூடாது. அந்த அடி நேராகப் பம்பின் உள்பாகங்களில் இறங்கும். கருவியின் போல்ட்டை ஷாஃப்ட் மரையில் முழுசாக ஏற்றிவிட்டு, பழைய புல்லி எந்த ஆழத்தில் இருந்ததோ அங்கே நிறுத்துங்கள். மற்ற புல்லிகளோடு ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்து கத்தும்.

பல ரீகண்டிஷன் பம்புகள் டப்பா இல்லாமல் வரும். பழைய டப்பாவைக் கழுவி, ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெல்ட்டை இறுக்கும்போது கடப்பாரையை டப்பாவில் கொடுத்து நெம்பாதீர்கள். அது மெல்லிய தகடு. நசுங்கினால் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் கசிய ஆரம்பித்துவிடும். பிராக்கெட்டில் கொடுத்து நெம்புங்கள்.

வேறு மாடல் காரின் பம்பும் பார்வைக்கு அப்படியே இருக்கும். பாக்ஸுக்குள்ளேயே பவர் உள்ள கார்களின் பம்பு பல சமயம் இதைவிடக் கூடிய அழுத்தம் தரும். கார்வெட்டின் வால்வு சீல்களும் ஹோஸ்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கார்வெட்டுக்கு என்று குறிப்பிட்டுக் கேட்டே வாங்குங்கள்.

8. புது ஹோஸ்களை மாட்டுதல்

மாட்டும் முன் ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கூம்பு வடிவில் ஒரு பித்தளை சீட் தெரியும். அதன் மேல் பழைய ஹோஸ் அழுத்திய வட்டத் தடம் இருக்கும். தடம் மெல்லிய கோடாக இருந்தால் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமாகவோ ஒரு பக்கம் கோணலாகவோ இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். சீட்டை மாற்றிவிடுங்கள். இங்கே டெஃப்லான் டேப் உதவாது. கசிவை நிறுத்துவது கூம்பின் பிடிப்பு, மரையில் ஒன்றும் இல்லை. கிழிந்த டேப் துண்டு ஸ்பூலில் சிக்கினால் இன்னும் மோசம்.

எல்லா நட்டையும் முதலில் விரலால் சில சுற்று ஏற்றுங்கள். நான்கும் ஏறிய பிறகே ஸ்பேனர். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் அடுத்த ஹோஸை வளைத்துக் கொண்டுவர வழி இருக்காது, மரையும் கோணலாகப் பிடிக்கும்.

வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இரண்டு ஹோஸ்களில் மிகவும் கவனமாக இருங்கள். இவை இடம் மாறினால் உதவி எதிர்த்திசையில் வரும். நீங்கள் இடது பக்கம் திருப்பினால் சிலிண்டர் வலது பக்கம் தள்ளும். அப்படித் தள்ளுவதே ஸ்பூலை இன்னும் அதிகமாகத் திறக்கும். முடிவில் ஸ்டியரிங் வீல் கையை உதறிவிட்டு வேகமாகச் சுழன்று கடைசிவரை போய் முட்டும். நடுவே விரல் இருந்தால் முறிந்துவிடும். மரை அளவை நம்பாதீர்கள், ஒட்டிய எண்களை மட்டும் நம்புங்கள்.

இறுக்கிய பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வால்வு ரிலே ராடோடு சேர்ந்து நகர்வதால் பம்பு ஹோஸ்களும் கூடவே இழுபடும். எங்கேயும் விறைக்கக் கூடாது, சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது, பெல்ட்டில் உரசக் கூடாது.

9. ஆயில் நிரப்பி காற்றை எடுத்தல்

டப்பாவை நிரப்பிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். என்ஜினை இன்னும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். காற்றோடு பம்பைச் சுழற்றினால் ஆயில் நுரையாகிவிடும், அந்த நுரை அடங்க நெடுநேரம் ஆகும்.

ஒருவர் தொங்கும் சிலிண்டர் ராடைக் கையால் முழுசாக வெளியே இழுத்து, மெதுவாக உள்ளே தள்ளட்டும். இன்னொருவர் டப்பாவைப் பார்த்து அளவு குறையக் குறைய ஊற்றட்டும். குமிழி வருவது நிற்கும் வரை இப்படிச் செய்யுங்கள். ராடு பிராக்கெட்டில் இல்லாததால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சிலிண்டர் நீளாது. அதன் உள்ளே இருக்கும் காற்று கையால் இழுத்தால்தான் வெளியே வரும்.

10. வால்வை பேலன்ஸ் செய்தல்

சக்கரங்கள் காற்றில், ஸ்டியரிங் நேராக, சிலிண்டர் ராடு விடுதலையாக இருக்க வேண்டும். ராடு பாயக்கூடிய வழியில் கையோ ஸ்பேனரோ ஹோஸோ இருக்கக் கூடாது. இனி யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொட்டால் பிட்மேன் ஆர்ம் ஸ்பூலை நகர்த்திவிடும், நீங்கள் பார்ப்பது பொய்யாகிவிடும்.

என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ராடு உள்ளேயே கிடந்தால், அட்ஜஸ்டிங் நட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரு கட்டத்தில் ராடு வெளியே நகரத் தொடங்கும். அங்கே நிறுத்தி, ஸ்பேனரின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது எதிர்த்திசையில் திருகுங்கள். ராடு உள்ளே திரும்பத் தொடங்கும் இடத்தையும் குறியுங்கள். இந்த இரண்டு குறிகளுக்கும் சரிபாதியில் நட்டைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் ராடு வெளியே வந்துவிட்டால் தலைகீழ் வரிசை. முதலில் எதிர்த்திசையில் திருகி உள்ளே போகவைத்து, பிறகு கடிகாரத் திசையில் வெளியே வரவைத்து, அதே மாதிரி பாதியில் நிறுத்துங்கள்.

சரியாக வந்துவிட்டால், என்ஜின் ஓடும்போதே ராடைக் கையால் உள்ளேயும் வெளியேயும் தள்ள முடியும். விட்ட இடத்தில் நிற்கும். தானாக ஊர்ந்தால் பாதி இன்னும் சரியாக வரவில்லை. நட்டைத் தேவைக்கு மேல் முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். ரீகண்டிஷன் வால்வில் 'பேலன்ஸ் செய்யப்பட்டது' என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் காரில் மாட்டிய பிறகு இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

என்ஜின் ஓடும்போதே 3-வது பகுதியில் எழுதிய குறிப்பை எடுங்கள். உதவியாளர் ஸ்டியரிங்கின் வெளிவட்டத்தை மட்டும் பிடித்து, இடது பக்கம் கடைசிவரை திருப்பி, ஒரு கணம் இலேசாக அழுத்தட்டும். ராடு குறிப்பில் எழுதிய அதே திசையில் போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் ஹோஸ் இடம் மாறியிருக்கிறது. என்ஜினை நிறுத்தி மாற்றிவிடுங்கள். ராடு சேஸியில் மாட்டப்படாததால் இந்தத் தவறு இப்போது யாரையும் காயப்படுத்தாது.

11. ராடை இணைத்தல்

என்ஜினை நிறுத்துங்கள். ராடைக் கையால் பிராக்கெட் வரை இழுத்து, கம்பியில் கோர்த்து வைத்த வரிசைப்படி வாஷரையும் புது ரப்பர் புஷ்ஷையும் போட்டு மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ரப்பர் நசுங்கிப் பிதுங்கும் வரை இறுக்கினால் சீக்கிரமே வெடித்துவிடும்.

மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள், வீலைத் தொடாதீர்கள். சக்கரங்கள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றால் பேலன்ஸ் சரி. தூசி மூடியைத் தட்டி மூடலாம். அசைந்தால் ராடைக் கழற்றி 10-வது பகுதியைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து ஸ்டியரிங்கை மெதுவாகக் கடைசிவரை இரண்டு பக்கமும் பலமுறை திருப்புங்கள். கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே பம்பின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு) திறந்து ஆயில் மளமளவென்று சூடாகும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தி, நுரை அடங்கியதும் மீண்டும் திருப்புங்கள். ஊற்றிக்கொண்டே இருந்தால் நுரை அடங்கும்போது டப்பா வழிந்துவிடும்.

12. ஓட்டிப் பார்த்த பிறகு

முதல் ஓட்டம் கூட்டமில்லாத ரோட்டில், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் சூடான ஆயிலின் அளவை மூடியின் குச்சியில் பாருங்கள். எட்டு ஹோஸ் முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் கொஞ்சம் மட்டும் இறுக்குங்கள், நிற்காவிட்டால் கழற்றி சீட்டைப் பாருங்கள்.

திருப்பும்போது மட்டும் கிறீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் தளர்வு. எப்போதும் முனகினால் காற்று அல்லது ஆயில் குறைவு. கடைசிவரை ஒடிக்கும்போது மட்டும் உறுமினால் அது ரிலீஃப் வால்வு, கோளாறு இல்லை.

டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) அளவைக் கட்டாயம் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் வீல் இலேசாகக் கோணலாக இருந்தால் இரண்டு டை ராடு ஸ்லீவையும் (நீளத்தை மாற்றும் மரைக் குழாய்) ஒரே அளவு திருப்பி நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் திருப்பினால் டோ மாறிவிடும். சக்கரத்தின் ஸ்டியரிங் ஆர்மில் டை ராடு மாட்ட இரண்டு துளை இருக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள காரில் முன் துளையில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே துளையில். பழைய உரிமையாளர் யாராவது ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டிருந்தால் எந்த அலைன்மெண்ட்டும் நிற்காது.

சில நூறு மைல் ஓடிய பிறகு கிளாம்ப் போல்ட், பிராக்கெட் போல்ட்டுகள், பெல்ட் மூன்றையும் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். புது பெல்ட் அதற்குள் கண்டிப்பாகக் கொஞ்சம் நீண்டிருக்கும்.